ஏழாவது விசில்

முதல் விசில் வந்ததும் ஜெசிந்தா ‘ஒன்று’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள், சொன்ன கையோடு தன்மேலேயே எரிச்சலும் வந்தது, வாய்விட்டு எண்ணுவது எல்.கே.ஜி. பிள்ளைகளின் வேலை, கான்வென்டில் மூன்று வருஷம் தொடர்ந்து மனக்கணக்குக்குப் பரிசு வாங்கியவளுக்கு அது எதற்கு. ஆட்டுக்கறிக்கு ஏழு. சமவெளிக்காரர்களுக்கு ஐந்து போதும், குன்னூர் உயரத்தில் தண்ணீர் என்னவோ சீக்கிரம் கொதித்துவிடுகிறது, கறிதான் வேகமாட்டேன் என்கிறது. திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஊர் வழக்கப்படி ஐந்திலேயே இறக்கிவிட்டாள், மாமனார் ஒரு துண்டை வாயில் போட்டு மென்று மென்று கடைசியில் தட்டின் ஓரமாக ஒதுக்கிவைத்து, ‘செருப்பு எந்தக் கடையில வாங்கினது, நல்லா உழைக்கும்போல’ என்று மரியாதையாகக் கேட்டார். அன்றிலிருந்து ஏழு, இருபத்தெட்டு வருஷமாக ஏழு. இன்றைக்கு அந்த ஏழின்மேல் அவள் தனக்குத் தானே பந்தயம் கட்டியிருந்தாள். பிசகாமல் எண்ணி இறக்கிவிட்டால் நாளைக்குக் கோயம்புத்தூர் போகமாட்டாள். மகள் ஷெரின் யாரையோ பிடித்து வாங்கியிருக்கும் ஞாபகமறதி டாக்டரின் நேரத்தை வேறு யாராவது மறதிக்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வாராம், ஐந்து சாமான்களின் பேரைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பாராம், இதற்கு ஆயிரம் ரூபாய், இதையே சிஸ்டர் பெர்னதெத் ஒரு ரூல்தடியோடு இலவசமாகச் செய்தார்கள். பிசகினால் போவாள். போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும், முதலில் மாத்திரை, பிறகு சமையலுக்கு ஓர் ஆள், பிறகு ‘கேஸ் பக்கம் போகாதீங்கம்மா’, பிறகு பீரோ சாவி, பிறகு ஃபிலோ அக்காவுக்குப் பக்கத்துக் கட்டில். பந்தயம் என்றால் ஒழுங்காக இருக்கவேண்டும், ஆகவே கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, விசிலுக்கு ஒன்றாகப் பூண்டுப்பல் எடுத்து மேடையில் வைக்கக் கூடாது. இதற்கு முன்னால் பூண்டு வைத்ததுண்டா என்று யாரும் கேட்கவில்லை. புதன்கிழமையிலிருந்து வைத்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை பருப்பு குக்கர் அடிப்பிடித்து, தண்ணீர் வற்றி, வால்வு உருகி, வீடு முழுக்கப் புகை, அவள் ஹாலில் உட்கார்ந்து ஷெரினின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தாள், ஒரு விசில்கூடக் காதில் விழவில்லை, ஒன்றுகூட. கறுத்த குக்கரைச் சாக்கில் சுற்றி விறகுக் கொட்டகையில் போட்டது அவளுக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அவளுக்கும் ஆண்டவருக்கும் மதருக்கும். மதர் ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் வந்து உட்கார்ந்தாயிற்று. கிழட்டுப் பெண்குரங்கு, இடது காது பாதி இல்லை, உச்சந்தலை மயிர் நடுவகிடு எடுத்துச் சீவிவிட்டதுபோல இரண்டு பக்கமும் படிந்திருக்கும், பார்த்த முதல் நாளே ‘அடடா, மதர் சுப்பீரியர்’ என்றுதான் வாயில் வந்தது. மற்றக் குரங்குகள் கூட்டமாக வந்து, தகரக் கூரைமேல் ஓடி, காயப்போட்ட துணியை இழுத்து, ரௌடித்தனம் பண்ணிவிட்டுப் போகும், இது மட்டும் தனியாக வரும், குக்கர் ஏற்றினால் வரும், கைகளை மடியில் வைத்துக்கொண்டு மௌன தியானத்தில் இருப்பதுபோல இருக்கும். சமையல் முடிந்தால் ஜெசிந்தா கேரட் தலையையும் பட்டாணித் தோலையும் பின்கதவைத் திறந்து தகர டப்பாவில் கொட்டுவாள், அதற்காக வருகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்தாள். அதற்காகத்தான் வருகிறது. ஆனால் எழுந்து பின்கதவுக்குப் போகிறதே, அது எப்போது என்பதைக் கவனித்த அன்றைக்குக் கையிலிருந்த கரண்டியை அவள் கீழே வைத்துவிட்டாள். சாதம் வைத்தால் நான்காவது விசிலுக்கு எழுகிறது. கறி வைத்தால் ஏழாவதுக்கு. மூன்றுக்கு எழுந்ததில்லை, ஆறுக்கு எழுந்ததில்லை. அவள் அடுப்பை அணைப்பதற்கு முன்னாலேயே, விசில் ஓய்வதற்குள்ளேயே, மடியிலிருந்து கை கீழே இறங்கும், வால் நிமிரும். இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கணவர் அமல்ராஜிடம் சொன்னபோது அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், ‘அப்போ அதையே நம்ம சர்ச் பங்குப் பேரவைக்குப் பொருளாளரா போட்டுரலாம் ஜெசி, இருக்கறவரு கூட்டினா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு வருது’ என்றார். இரண்டாவது விசில் வந்தது. ரெண்டு. மதரின் கண்ணிமை ஒரு தடவை மூடித் திறந்தது, இமை மட்டும் வெளுப்பாக, முகத்தின் மற்ற இடமெல்லாம் சிவந்து சுருங்கியிருக்க அந்த வெளுப்பு, உள்ளே யாரோ ஒரு விநாடி விளக்கைப் போட்டு அணைத்ததுபோல.

ஷெரினிடம் சொன்னதுதான் தப்பு. ஷெரின் மைசூரில் குரங்குகளின் புத்தியைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிறாள், இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு ஆராய வேறு எதுவும் இல்லையா என்று கேட்டால் கோபம் வரும். போன மாதம் வந்தபோது இதைக் கேட்டவுடன் சந்தோஷம் தாங்காமல் ஃபோனை எடுத்து ஒரு படம் போட்டுக் காட்டினாள், ஜப்பானில் ஒரு சிம்பன்சி, அதன் முன்னால் ஒரு திரை, திரையில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன, அது ஒன்றைத் தொட்டதும் மற்றதெல்லாம் வெள்ளைக் கட்டங்களாக மறைந்துபோகின்றன, அது அலட்சியமாக, ஆமாம் அலட்சியமாகத்தான், டப் டப் டப் என்று இரண்டு இருந்த இடம், மூன்று இருந்த இடம் என்று ஒன்பது வரை தொட்டுக்கொண்டே போகிறது. முடித்துவிட்டு ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறது. இன்னொன்று இருந்ததாம், அமெரிக்காவில், இரண்டு தட்டில் மிட்டாய், எந்தத் தட்டைக் காட்டுகிறாயோ அது பக்கத்திலிருக்கும் குரங்குக்கு, மிச்சம்தான் உனக்கு, ஆகவே சின்னக் குவியலைக் காட்டினால்தான் லாபம். மிட்டாயைக் கண்ணால் பார்த்தால் அதற்குத் தாங்கமுடியவில்லை, ஒவ்வொரு தடவையும் பெரிய குவியலையே காட்டித் தோற்றது, மிட்டாய்க்குப் பதில் இரண்டு, ஆறு என்று எண்களை எழுதி வைத்ததும் இரண்டைக் காட்டி ஆறை வாங்கிக்கொண்டது. ‘பாத்தியாம்மா, நம்பர்னு வந்தா அதுக்குப் பேராசையே போயிடுது.’ ‘உங்க அப்பாவுக்கும் சொல்லு, கேக்கை எடுத்து வச்சுட்டு நம்பர் எழுதி வைக்கிறேன்.’ ரெண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் ஷெரின், ‘நீ ஆடிப் பாரும்மா, நீதான் மனக்கணக்குப் புலியாச்சே’ என்று அதே மாதிரி ஒரு விளையாட்டைப் போட்டுக் கையில் கொடுத்தாள். அதில் ஐந்தே எண்கள். ஒன்றைத் தொட்டாள், மறைந்தன. இரண்டு இருந்த இடம் தெரியவில்லை. ஷெரின் சிரித்தாள், எல்லாருக்கும் அப்படித்தான் என்றாள், எனக்கும் வராது என்றாள். நான்கு எண் போட்டாள். தெரியவில்லை. மூன்று போட்டாள். மூன்றாவது விசில் வந்தது, மூன்று, சரி, மூன்று. அந்த மூன்று எண்ணில் இரண்டைத் தேடி அவள் விரல் திரைக்கு மேலே நின்றபோது, எல்லாம் வெள்ளைக் கட்டம், கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடித்த கல்லறைகளைப்போல வரிசையாக வெள்ளை, எதற்கடியில் யார் என்று தெரியாத வெள்ளை, அப்போதுதான் ஷெரின் சிரிப்பை நிறுத்தினாள். விரல் தப்பாகப் போனது பெரிதில்லை. சிரிப்பை நிறுத்தினாளே. ஃபோனை மெதுவாக வாங்கி, ‘விடும்மா, வெளிச்சம் சரியில்ல’ என்றாளே, எரிச்சலே இல்லாமல், குழந்தையிடம் பேசுகிற குரலில். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் அந்த நிமிஷம் வாங்கினது, தேதி போட்டதுதான் அப்புறம்.

நம்பர்தான் முதலில் போகிறது எங்கள் வீட்டில், என்று நினைத்தாள், மற்றவர்களுக்குப் பேர் மறக்கும், சாவி மறக்கும், எங்களுக்கு நம்பர். ஃபிலோ அக்கா முப்பது வருஷம் பாலக்கரையில் கணக்கு டீச்சர். அக்காவுக்கு ஆரம்பித்தது எந்த நாள் என்றுகூடச் சொல்லமுடியும், பெரியப்பா இறந்த முப்பதாம் நாள், ஹாலில் பாய் விரித்து எல்லாரும் முழந்தாளில், மூத்தவள் என்று அக்காதான் ஜெபமாலை சொன்னாள். பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்லி முடித்துப் பிதாவுக்கும் சுதனுக்கும் சொல்லவேண்டும், குடிகாரன்கூட அந்தப் பத்தில் தப்பமாட்டான், கையில் மணி இருக்கிறது. அக்கா பதினொன்று சொன்னாள். எல்லாரும் பதில் சொன்னார்கள். பன்னிரண்டு. பதில் சொன்னார்கள். ஜெசிந்தா கண்ணைத் திறந்து பார்த்தாள், அக்காவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரே மணியைப் பிடித்துக்கொண்டு உருட்டிக்கொண்டே இருந்தன, நகரவில்லை, முகம் மட்டும் அவ்வளவு அமைதியாக இருந்தது, இப்படி ஒரு பக்தியை அதுவரை அந்த முகத்தில் பார்த்ததில்லை. பதினாறு, பதினேழு. இருபது பேர் இருந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எல்லாரும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், மெழுகுவர்த்தி ஸ்ஸ் என்று இழுத்தது, அறை முழுக்க நீராவி மாதிரி ஒரு மூச்சு, யாராவது நிறுத்துங்களேன் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்கள், அவளும் பார்த்தாள், தங்கச்சி, பக்கத்திலேயே இருந்தவள், கையை நீட்டி அக்காவின் விரலைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை. ஏன் தொடவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாளா, ஒட்டிக்கொள்ளத்தான் போகிறது என்று அப்போதே தெரிந்ததா. இப்போது அக்கா கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறாள், போனால் ‘எத்தனை பேர் வந்திருக்கீங்க’ என்று கேட்பாள், ‘நான் ஒருத்திதான்க்கா’ என்றால் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, ‘பொய் சொல்லாதே’ என்பாள். நான்காவது விசில். நாலு. சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் பனி ஏறிவந்தது, மதில் மறைந்து அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உருவம் மட்டும் பஞ்சில் மிதப்பதுபோல, அது இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது, குக்கரை அல்ல. பள்ளத்தாக்கில் ரயில் ஊதியது, மேலே ஊட்டிக்குப் போகிறது போல, கல்யாணமாகி வந்த அன்றைக்கு அந்த ரயிலில்தான் வந்தாள், அமல்ராஜ் குகை வந்தபோதெல்லாம் எத்தனையாவது குகை என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டு வந்தார், பெண்டாட்டியின் கையைப் பிடிக்கவேண்டிய நேரத்தில் தன் விரலையே பிடித்துக்கொண்டு, ரசனை கெட்ட மனுஷன். அடுத்தது வந்தது. இது குக்கர். ஐந்து.

மதர் எழுந்தது. விசில் ஓய்வதற்குள், மடியிலிருந்து கைகள் இறங்க, வால் நிமிர, ஞாயிற்றுக்கிழமைகளில் எழுவதுபோலவே எழுந்து மதில்மேல் நாலடி நடந்து பின்கதவுப் பக்கம் இறங்கிப் பனிக்குள் போய்விட்டது. தகர டப்பாவின் விளிம்பில் நகம் படுகிற சத்தம் கேட்டது. உட்காரு, என்றாள் ஜெசிந்தா. உட்காரு, இன்னும் ரெண்டு இருக்கு, முட்டாள். எண்ணத் தெரியாத மிருகம், என்ன இருந்தாலும் மிருகம்தானே, இத்தனை நாள் ஏதோ குருட்டு அதிர்ஷ்டம், ஷெரினே சொன்னாள், ‘அது எண்ணுதுன்னு நாம சொல்லிர முடியாதும்மா, எவ்வளவு நேரமாகுதுன்னு அதுக்கு ஒரு கணிப்பு இருக்கலாம். இல்ல உன்னைப் பார்த்துக்கூட எழுந்திருக்கலாம்.’ ‘என்னைப் பார்த்தா? என் நெத்தியில ஏழுன்னு எழுதியிருக்கா?’ ‘எழுதியிருக்கலாம். நூறு வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனியில ஒரு குதிரை கூட்டல் கழித்தல் எல்லாம் போட்டுச்சு. குளம்பால தட்டித் தட்டிப் பதில் சொல்லும். கடைசியில பார்த்தா அது எண்ணவே இல்ல. கேள்வி கேக்கற ஆளு, சரியான விடை வந்ததும் தன்னை அறியாம லேசா நிமிர்ந்திருக்கார், அதைப் பார்த்துட்டு நிறுத்தியிருக்கு.’ அப்போது சுவாரசியமாகத்தான் இருந்தது. இப்போது அடுப்பின் முன்னால் நின்றுகொண்டு அவள் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள், எப்படிப் போட்டாலும் ஒரே பக்கமாகவே விழுந்தது. குரங்கு எண்ணுகிறது என்றால், அது ஏழு எண்ணியிருக்கிறது, அவள் ஐந்து. குரங்கு எண்ணவில்லை, அவளைப் பார்த்துத்தான் எழுகிறது என்றால், அது இன்னும் மோசம், அவள் உடம்பு ஏழு எண்ணி முடித்து லேசாக நிமிர்ந்திருக்கிறது, தோளோ கழுத்தோ ஏதோ ஒன்று, அவளுக்குத் தெரியாமல், அவளிடம் சொல்லாமல். வீட்டுக்குள் இன்னொருத்தி இருக்கிறாள், வேலையெல்லாம் சரியாகச் செய்கிறாள், இவளோடு மட்டும் பேசுவதில்லை. மெழுகுவர்த்தி எங்கேயாவது ஸ்ஸ் என்று இழுக்குமா? மெழுகுவர்த்திக்கு ஏது நீராவி? சரி, அது ஒன்று போகட்டும், ஒன்றுதான், ஆறு. ரயில்? ரயில் ஊதியது, காதால் கேட்டாள். பனியில் சில நேரம் அடுத்த வீட்டில் ஊதுவதுபோலவே கேட்கும். அப்போதுதான் ஞாபகம் வந்தது, பேப்பரிலிருந்து அமல்ராஜ் படித்துக் காட்டினார், நேற்றுகூடச் சொன்னார், மண் சரிந்து தண்டவாளத்தில் விழுந்து பத்து நாளாக ரயிலே ஓடவில்லை.

அணைக்கலாம். கை குமிழ்வரை போனது. பந்தயம் பந்தயம்தான், நான் ஐந்து எண்ணியிருக்கிறேன் என்று நின்றாள், குரங்கு சொல்லி அடுப்பை அணைக்கிற அளவுக்கு இந்த வீடு இன்னும் வந்துவிடவில்லை. ஆறு வந்தது. ஏழு வந்தது, நீளமாக, அவள் முகத்துக்கு நேராகச் சீறியதுபோல. அணைத்தாள். குழாய்த் தண்ணீரை மூடிமேல் விட்டு, அது அடங்கும்வரை பொறுமையில்லாமல் கரண்டிக்காம்பால் வெயிட்டைத் தூக்கித் தூக்கிவிட்டு, திறந்தாள். கறியைத் தேட வேண்டியிருந்தது. எலும்புகள் தனியே, வெள்ளை வெளேரென்று, யாரோ கழுவி அடுக்கியதுபோலக் கிடந்தன, சதை நார் நாராகக் குழம்போடு கரைந்து போயிருந்தது. கரண்டியால் ஒரு எலும்பை எடுத்து மேடையில் வைத்தாள், வழுவழுவென்று இருந்தது, தூக்கிப் பார்க்கவே லேசாக. ஒன்பது விசில். மதர் சொன்னதுதான் சரி. அமல்ராஜுக்குக் கடைவாய்ப் பல் இல்லை, இப்படியிருந்தால் இன்னும் இரண்டு கரண்டி கேட்பார், பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர் கூட்டிவரப்போகும் ஷெரினிடம் ‘உங்கப்பாவுக்காகக் குழைய விட்டேன்’ என்றால் நம்பிவிடுவாள், ஆனால் இது பந்தயம், அவர்களோடு கட்டியது அல்ல. தோற்றுவிட்டாள். தோற்றதை ஒப்புக்கொள்ள வாயெடுத்த அதே நொடியில்தான், அந்த யோசனை வந்தது, இவ்வளவு எளிதானதை ஏன் இத்தனை நாள் நினைக்கவில்லை என்று ஆச்சரியமாகவும் இருந்தது. எண்ணுவதற்குத்தான் ஆள் இருக்கிறதே. சம்பளம் கேரட் தலை. கோயம்புத்தூரும் வேண்டாம், பூண்டுப்பல்லும் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். பின்கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். மதர் டப்பாவின் பக்கத்தில் கை மடித்து உட்கார்ந்திருந்தது. ‘இப்பவே கெடையாது’ என்றாள் அதனிடம், மெதுவாக, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கேட்காதபடி. ‘இன்னும் சாதம் இருக்கு. நாலு. நாலு ஆனதும் எழுந்திரு, போதும்.’

சின்னக் குக்கரில் அரிசி போட்டு ஏற்றினாள். ஜன்னலை அகலத் திறந்து வைத்துவிட்டு ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். மதர் மதிலுக்கு வந்துவிட்டது. இந்த முறை எண்ணவில்லை, எண்ணக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள், ஐம்பத்தி நாலு வருஷமாக எண்ணியது போதும், மாடிப்படி, இட்லி, மாத நாள், பேறுகாலத்தில் வலிக்கு வலி இடைவெளி, துவைக்கப் போட்ட காலுறை, எல்லாவற்றையும் எண்ணியாயிற்று, இப்போது யாரோ வந்து கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. விசில் வந்தது. அது ஏதோ ஒன்று, அவளுக்கு என்ன. மதரின் முகத்தையே பார்த்தாள். என்ன அழகான கண், தேன் நிறம், அதில் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலில் ஒரு சின்னப் பெண்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. விசில் வந்தது. மதர் அசையவில்லை. பனி உள்ளேயே வந்துவிட்டது, அடுப்பின் சூடும் பனியின் குளிரும் கன்னத்தின் இரண்டு பக்கமும். விசில் வந்தது, பிறகு வந்தது, பிறகு அது வருவதும் நிற்பதும் ஒன்றுபோலவே இருந்தது, மதரின் கைகள் மடியிலேயே இருந்தன, அது அவள் தோளைப் பார்த்தது, கழுத்தைப் பார்த்தது, மறுபடி கண்ணைப் பார்த்தது, கொஞ்சம் முன்னால் குனிந்துகூடப் பார்த்தது, கெட்டிக்காரப் பிள்ளை பதில் சொல்லும் என்று காத்திருக்கும் சிஸ்டரைப்போல. சொல்லேன், என்றது அந்த முகம். நீ சொல்லு, என்றாள் இவள். எங்கோ கேட் திறந்தது, ‘ம்மா’ என்று ஒரு குரல், அமல்ராஜ் பையை வைக்கும் சத்தம், ‘என்ன ஜெசி, புகையுது’, ஓடிவரும் செருப்புக் காலடி. அவளுடைய தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு குமிழைத் திருகியது. வால்வு வழியே பழுப்பாக நூல்போலப் புகை வந்துகொண்டிருந்தது.

‘எத்தனை விசில்மா விட்டே?’ ஷெரின் மூச்சு வாங்கக் கேட்டாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏறிவந்தவளின் தோள்பையைக்கூட இன்னும் கழற்றவில்லை. ‘ம்மா. உன்னைத்தான். இங்கேயேதானே உக்காந்திருக்கே? எண்ணலையா?’

ஜெசிந்தா மகளின் முகத்தைப் பார்த்தாள். கோபப்படு, என்று மனதுக்குள் கெஞ்சினாள், திட்டு, ‘அறிவிருக்கா’ன்னு கேளு. ஷெரின் கோபப்படவில்லை. ஈரக் கையைத் துடைக்கிற துணியை எடுத்து அம்மாவின் மடியில் தெறித்திருந்த கஞ்சியை மெதுவாகத் துடைத்துவிட்டாள்.

‘நாளைக்கு வண்டி எத்தனை மணிக்குச் சொல்லியிருக்கே?’ என்றாள் ஜெசிந்தா.

‘ஆறு மணிக்கு. ம்மா, நீ வரலைன்னு சொல்லுவேன்னு நான்...’

‘வர்றேன். ஆறு மணின்னா நீ வந்து எழுப்பிடு. நான் பார்த்துக்குவேன்னு விட்டுறாதே.’ பிறகு, ‘விறகுக் கொட்டகையில ஒரு சாக்கு இருக்கு. அதை அப்பா பார்க்கறதுக்கு முன்னாடி நீ போய்ப் பாரு. டாக்டர்கிட்ட அதையும் சொல்லணும்’ என்றாள்.

ஷெரின் போனாள். மதிலில் மதர் இன்னும் எழவில்லை. அடுப்பு அணைந்தாயிற்று, புகைகூட அடங்கிவிட்டது, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, போதும் என்று அவள் சொல்வதற்காக.